இரண்டாவது முட்டை

அமெரிக்க வரலாற்றில் இந்த மாதம் என்று ஜனவரியில் ரீவியில் பட்டியல் போடுவார்கள். இன்ன ஆண்டு இன்னார் பதவியேற்றார், இன்ன இடத்தில் தங்கம் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அந்த விண்கலம் வெடித்ததைக் காட்டுவார்கள். நான் எழும்பிப் போய் ரீவியை நிற்பாட்டிவிடுவேன். வீட்டில் எல்லாருக்கும் என்னுடைய இந்தக் குணம் பழகிவிட்டது.

அது 1986. கனடாவின் ஸ்காபரோவில் ஓர் அப்பார்ட்மென்றில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். என் தம்பி மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் புறப்பட்டுப் பத்து நாளாகியிருந்தது. கரை சேர்ந்தவுடன் போன் எடுக்கச் சொல்லியிருந்தேன். எடுக்கவில்லை. அந்தப் பத்து நாளும் கண்டவர் எல்லாரிலும் எரிந்து விழுந்தேன்.

அன்று வேலை முடிந்து நாலு மணிக்கு வந்தேன். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே போனால் மூன்று பேரும் ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். இரண்டு பேர் வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு உறைக்கவில்லை. போன் ஏதும் வந்ததா என்று கேட்டேன். எங்களில் மூத்தவரான மட்டக்களப்பு அண்ணை காதில் விழாதவர்போல எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போனார். அமெரிக்காவின் ரொக்கெட் வெடித்துவிட்டது, ஏழு பேர் போய்விட்டார்கள், அதில் ஒருத்தி ரீச்சர் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

நானும் நின்று பார்த்தேன். வெள்ளைப் புகை இரண்டாகப் பிரிந்தது. கீழே சனம் அண்ணாந்தபடி நின்றது. ஓரிருவர் கைதட்டவும் செய்தார்கள். அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஐயோ பாவங்கள் என்றேன். பக்கத்தில் இருந்த இருவரும் ரீவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"சாப்பிடு தம்பி. உந்த ரீவியைப் பேந்து பார்க்கலாம்," என்று அண்ணை சோற்றுக் கோப்பையை நீட்டினார்.

சோறும் முட்டைக்குழம்பும். எங்கள் வீட்டில் அவரவர் கோப்பையில் அவரவர்தான் போட்டுக்கொள்வது. ஆளுக்கு ஒரு முட்டை. கூட எடுத்தால் சண்டை. பசியில் அள்ளிச் சாப்பிட்டேன். அண்ணை அசையாமல் பக்கத்திலேயே நின்றார். பிறகு சட்டியில் கிடந்த தன் பங்கு முட்டையையும் எடுத்துவந்து என் சோற்றில் வைத்தார்.

எனக்குக் கை நின்றுவிட்டது.

முந்தின வருஷம் எங்களோடு இருந்த ஒருவரின் தகப்பன் ஊரில் செத்தபோது, செய்தி முதலில் எனக்குத்தான் வந்தது. சாவுச் செய்தி கேட்டவன் பிறகு வாயில் பச்சைத் தண்ணீரும் வைக்கமாட்டான் என்று, வயிறு நிரம்பிய பிறகுதான் எங்கள் ஆட்கள் செய்தியைச் சொல்வார்கள். நானும் அவருக்குப் புட்டு அவித்துக் கொடுத்து, வேண்டாம் வேண்டாம் என்ற பிறகும் போட்டு, கை கழுவும்வரை பக்கத்தில் இப்படித்தான் நின்றேன்.

அண்ணையை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவார். ரீவியில் அந்தச் சனம் திரும்பவும் அண்ணாந்து நின்றது. அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டாவது முட்டையைப் பிட்டு வாயில் வைத்தேன். தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினேன். கடைசியில் கோப்பை வெறுமையானது. அண்ணை தொண்டையைச் செருமினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் அழுதுகொண்டே போட்டார்.