நாவலில் நான் செத்த கதை

ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியில், எதிர் வீட்டில் ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருந்தார். கொலை நாவல்கள் எழுதுகிறவர். ஓஹாயோவில் ஆசிரியையாக இருந்த காலத்தில் பாடசாலை அதிபரின் தொல்லை தாங்காமல், அவரைப் போன்ற ஒருவரைத் தன் முதல் நாவலில் கொன்றாராம். அது நன்றாக விற்றது. வேலையை விட்டார். கனடாக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து ரொறன்ரோ வந்தார். பிறகு வாசகர்களுக்கு அலுத்தது, பதிப்பாளர் கைவிட்டார், கணவரும் போய்ச் சேர்ந்தார். பல வருடங்கள் எழுதவேயில்லை. இதெல்லாம் லோண்ட்ரி அறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் ஓடி முடியும்வரை அவர் சொன்னவை.

ஒருநாள் அங்கேதான், திரும்ப எழுதத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். என்னைப் போல ஒருத்தியை அதில் கொல்லலாமா என்று, கொஞ்சம் சோப்புத்தூள் கேட்பதுபோலக் கேட்டார். வெட்கத்தோடு சம்மதித்தேன்.

வீட்டில் சொன்னதும் கணவர் சாப்பாட்டை நிறுத்தினார்.

"ஆர் உம்மைக் கொல்லுறதாம்?"

"இன்னும் முடிவெடுக்கேல்லையாம். வழக்கமாப் புருசன்மாரிலதான் சந்தேகம் வருமாம்."

"நானோ? நான் என்ன செய்தனான்?"

அடுத்த நாளே ஆள் மாறிவிட்டார். எலிவேற்றரில் எழுத்தாளரைக் கண்டால் என் கைப்பையைப் பறித்துத் தான் தூக்குவார். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் சத்தமாகக் கேட்பார். கோப்பைகள்கூடக் கழுவினார். நாவல் மெதுவாகவே முடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் புத்தகம் வந்தது. கொலைகாரன் ஒரு பல் டொக்டர். செத்தவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"என்னை ஏன் வெட்டினவ?" என்று கணவர் கொதித்தார்.

எழுத்தாளரிடம் கேட்டேன். முதலில் கணவன் இருந்தானாம். இவ்வளவு நல்லவனை வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று எடுத்துவிட்டாராம். கணவர் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து நூலகத்தில் வெளியீடு நடந்தது. அத்தனை வருடங்களுக்குப் பிறகு வாசகர் முன்னால் நின்ற எழுத்தாளர் முதல் வரியைத் தவறவிட்டுத் திரும்பத் தொடங்கினார். பிறகு நிமிர்ந்து, நான் சாகும் பக்கத்தை அப்படி வாசித்தார்! எனக்குக் கண்ணீர் வழிந்தது.

பக்கத்திலிருந்த அன்ரி ஒருவர் ரிஷ்யூ பேப்பர் நீட்டினார். "அழாதேங்கோ பிள்ளை. செத்தவ உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?"

"ஓம் அன்ரி," என்றேன். "நல்ல மனுசி."