எதிர்வீட்டார் மீது நான் எழுதிய மனு

கோவில்பத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருந்தாலும் ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று தொடங்கினால் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிடும்.

போன மாதம் வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன், ஓய்வு பெற்ற குமாஸ்தா. அவர் வீட்டுக்கு எதிர்வீட்டை, வங்காளத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒன்பது பேருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர் நெடுங்காட்டில் நிம்மதியாக இருந்தார். நாலு பேருக்கென்று கட்டிய செப்டிக் டேங்க் ஒன்பது பேரைத் தாங்குமா? பொங்கி வந்து அண்ணன் வீட்டு வாசலில் குளம் கட்டி நின்றது. சனிக்கிழமை அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

“வர்றவங்க வேட்டியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டா உள்ள வருவாங்க? எழுதுங்க தம்பி. இவனுங்க வங்காளமே கெடயாது, பார்டர் தாண்டி வந்தவனுங்க. போலீசுக்கே எழுதுங்க.”

“நீங்க பாத்தீங்களாண்ணே?”

“எத, பார்டரையா? மூஞ்சியப் பாத்தா தெரியல?”

எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேனா கைக்கு வந்துவிட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். எழுதி முடித்து, அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

“உரிய காகிதம் ஏதுமின்றி ஊருக்குள் புகுந்து, ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்து, யாருக்கும் விளங்காத மொழி பேசி, போலீசைக் கண்டால் ஒளிந்து...”

கொல்லைப்புறத்தில் மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி சிரித்துவிட்டார். “என்னங்க, ஒங்க தம்பி பாரீசுலேருந்து போட்ட மொதக் கடுதாசியையா படிக்கிறாரு?”

அண்ணனின் கூடப்பிறந்த தம்பி சுற்றுலா விசாவில் பிரான்சுக்குப் போய், திரும்பாமலே தங்கிக்கொண்டவர். காகிதம் கைக்கு வரப் பல வருஷம் ஆனது. அண்ணன் வீட்டு மாடி அவர் புண்ணியத்தில் எழும்பியதுதான்.

“அவன் பிளேன்ல போனான்டி!”

“இவங்க ரயில்ல வந்தாங்க. சாக்கடை நாறுதுன்னா சாக்கடை நாறுதுன்னு எழுதச் சொல்லுங்க. அதுக்கு எதுக்கு போலீசு?”

அண்ணன் மனுவை வாங்கி முதல் பத்தியை அடித்தார். இரண்டாவதையும் அடித்தார். என் அருமையான நடையெல்லாம் போய், செப்டிக் டேங்க் மட்டும் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு அவரே பைக்கில் நெடுங்காடு போய், வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை லாரி வந்து உறிஞ்சியது. எதிர்வீட்டுக்காரர்களே தெருவைக் கழுவிவிட்டார்கள். அவர்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேசரி வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா ஜன்னல் வழியே பார்த்தார். “எதுத்தாப்புல யாருங்க? பங்களாதேஷ்காரங்களா?”

அண்ணன் முந்திக்கொண்டார். “அதெல்லாம் தெரியாதுங்க. ஆனா செப்டிக் டேங்க் நேத்துதான் சுத்தமா எடுத்தாச்சு.”

பெரியவரின் கேசரி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மாப்பிள்ளை மட்டும் தட்டை நீட்டி, “இன்னும் கொஞ்சம் வைங்க அத்தே” என்றான்.

அண்ணி எழுந்தபடியே என் காதில் சொன்னார்: “இவன்தான் தம்பி நம்ம மாப்பிள்ள. முடிவாயிடுச்சு.”