குடைக்கு வெளியே நடப்பவர்

பர்மாவில், யாங்கோன் நகரின் இன்சீன் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் காவலாளி அவர். 'ஊலே', அதாவது மாமா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மெலிந்த உடம்பு, இடுப்பில் வெளுத்த லோஞ்சி, வளையாத முதுகு. மழை பிடித்துக்கொண்டால், டாக்சியில் வந்து இறங்குகிறவர்களுக்கு சிமெண்ட் விளம்பரம் போட்ட பெரிய குடையைப் பிடித்தபடி வாசல்வரை வருவார். தான் மட்டும் ஓரடி தள்ளி நனைந்துகொண்டே நடப்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "உள்ளே வாங்க ஊலே, இவ்வளவு பெரிய குடையில இடமா இல்லை?"

சட்டென்று விலகிக்கொண்டு பர்மிய மொழியில் சொன்னார்: "மாண்டலே அரண்மனையில ராஜாவுக்கு வெண்குடை பிடிச்ச குடும்பம் ஐயா எங்களுது. பிடிக்கிறவன் குடைக்குள்ள வரக்கூடாது."

"ராஜாவே போய் நூறு வருஷத்துக்கு மேல ஆச்சே!"

"போனது ராஜாதானே. குடையை நாங்க கீழே வைக்கலையே."

என் தாத்தா இந்த ஊருக்கு ரயில்வே கூலியாக வந்தவர். மழைக்குக் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்தவர். அவர் பேரன் நான், கையில் காய்கறிப் பையோடு, அந்தக் குடையின் கீழ் என்னையறியாமல் நிமிர்ந்து நடந்தேன்.

அதை அவர் கவனித்திருக்க வேண்டும். குடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.