ஸ்டெல்லாவின் காவலில் ஒரு வகுப்பு

1. மனிதனை அடையாத அம்புக்குறி

இரண்டாம் ரிவிஷன் தேர்வின் விலங்கியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மலேரியா ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படத்துடன் விளக்க வேண்டிய வினாவுக்கு ஸ்டெல்லா கொசுவை வரைந்திருந்தாள், மனிதனையும் வரைந்திருந்தாள். கொசுவிடமிருந்து மனிதனுக்குச் செல்ல வேண்டிய அம்புக்குறி மட்டும் வழியில் சரிந்து, தாளின் அடியோரம் வரை இறங்கி நின்றுவிட்டது. அடுத்த பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

அரையாண்டுத் தேர்வில் வகுப்பின் முதல் மாணவி அவள். தேர்வறையின் மேற்பார்வையில் இருந்த தாவரவியல் ஆசிரியை வசந்தாவிடம் கேட்டேன்.

“தூங்கிட்டாக்கா. நான் ரெண்டு வாட்டி எழுப்புனேன். ‘முடிச்சிட்டேன் மிஸ்’னு சொல்லிட்டு மறுபடியும் சாஞ்சிட்டா” என்றார் வசந்தா.

கடலூரில் ஓர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்து, அண்மையில் பணிநிறைவு பெற்றேன். இப்பணிக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியர்கள், பிள்ளைகளையும் கைப்பேசியையும் பிரிப்பது எப்படி என்று என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

என் வீடு சிதம்பரத்தில். நாள்தோறும் காலைப் பேருந்தில் கடலூருக்குச் செல்வேன். கடலூர் முதுநகரான ஓ.டி. நிறுத்தத்தில் ஸ்டெல்லா அதே பேருந்தில் ஏறுவாள். அவளுடைய தாய் ஆரோக்கியமேரி ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா. தந்தை மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். மருத்துவமனையில் தான் தரை துடைக்கும் வார்டில், வெள்ளுடையுடன் மகள் நடந்து வர வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. செவிலியர் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் வழி. ஸ்டெல்லாவுக்கும் அது தெரியும்.

பொங்கல் கழிந்த நாள்களில் அவள் பேருந்தில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து உறங்கத் தொடங்கியிருந்தாள். நான் அதைப் படிப்பின் களைப்பு என்றே எண்ணினேன். என் துப்பட்டாவை இழுத்து அவள் தலைக்கு அணையாக வைத்துமிருக்கிறேன். நடத்துநர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “பாப்பா, பஸ் பாஸு ஏறி எறங்கத்தான் குடுத்திருக்காங்க. படுத்துக்கினு வர்றதுக்குத் தனி பாஸு வாங்கணும்” என்றார். அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

2. உறுதிமொழி

எங்கள் பள்ளியில் அவ்வாண்டு ஒரு புதிய ஏற்பாடு நடந்திருந்தது. பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள், பிளஸ் டூ மாணவியர் அனைவரும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தனர்: பொதுத்தேர்வு முடியும்வரை கைப்பேசியைத் தொடமாட்டோம், பெற்றோரிடம் ஒப்படைத்துவிடுவோம். ஒப்படைத்ததைப் பெற்றோர் கையொப்பமிட்டு உறுதி செய்ய வேண்டும்.

அழுகையும் முறையீடும் எழும் என்று நாங்கள் அஞ்சியிருந்தோம். ஒன்றும் எழவில்லை. என் வகுப்பு மாணவியர் இரண்டே நாளில் ஒப்படைத்து முடித்தனர். தலைமையாசிரியை பிற வகுப்புகளுக்கு எங்களை எடுத்துக்காட்டாகச் சொன்னார். முதல் ரிவிஷனிலேயே வகுப்பின் சராசரி உயர்ந்தது. நான் பெருமையுடன் இருந்தேன் என்பதை மறைப்பானேன்?

ஸ்டெல்லா வீட்டுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தோம். அந்த வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. தந்தையின் அழைப்பு அதில்தான் வரும். தாய் பகலில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வேலைக்குச் செல்வார். எல்லாரிலும் பொறுப்பான பெண் என்பதால் அந்த விலக்கை நானே பரிந்துரைத்தேன்.

3. ஆய்வகத்தில் மூவர்

விடைத்தாளைக் கண்ட மறுநாள், பிராக்டிகலுக்காக ஆய்வகத்தில் ஸ்லைடுகளைத் துடைத்து அடுக்கும் பணிக்கு ஸ்டெல்லாவை அழைத்தேன். கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பேச்சு எளிதில் வரும். அவளுக்கோ வரவில்லை. உடல்நலம் சரியில்லையா, வீட்டில் ஏதேனும் சிக்கலா என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ‘இல்ல மிஸ்’ என்பதே விடையாக வந்தது.

கதவருகே நிழலாடியது. வகுப்புத் தலைவி கயல்விழி நின்றிருந்தாள். வகுப்பில் யார் சார்பாகவும் பேசக்கூடியவள். யாரும் கேட்காமலும் பேசுவாள்.

“மிஸ், அவள திட்டாதீங்க. அது எங்க வேல. எங்க எல்லாருது வேலையும் அவதான் பாக்குறா.”

ஸ்டெல்லா அவளை முறைத்தாள். கயல்விழி நிறுத்தவில்லை.

அவள் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். நண்பர்கள் ஒருவருக்கொருவர் படம் அனுப்பிக்கொள்ளும் செயலி ஒன்று உண்டு. இருவர் நாள் தவறாமல் ஆளுக்கொரு படமேனும் அனுப்பிவந்தால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு தீச்சுடரும் அதனருகே ஓர் எண்ணும் தோன்றும். நாளுக்கு ஒன்றாக அந்த எண் ஏறும். இதற்குப் பெயர் ஸ்ட்ரீக். ஒருநாள் தவறினால் சுடர் அணைந்துவிடும், எண் போய்விடும். என் மாணவியர் சிலருக்கு அந்த எண் ஆண்டுக்கணக்கில் ஏறியிருந்தது. கைப்பேசியைத் துறக்க அவர்கள் ஆயத்தமாக இருந்தனர். அந்த எண்ணைத் துறக்க மனம் வரவில்லை. எனவே கைப்பேசியை ஒப்படைக்கும் முன்பே, எல்லாரும் தத்தம் பாஸ்வேர்டை ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டனர். எங்கள் விலக்கு அதற்கு வழிசெய்து கொடுத்திருந்தது.

வகுப்பு முழுவதும் நிம்மதியாகப் படித்தது. அவள் ஒருத்தி, விடியற்காலையில் ஒவ்வொருத்தியின் பெயரிலும் உள்ளே நுழைந்து, படம் அனுப்பி, வெளியே வந்து, அடுத்தவளின் பெயரில் நுழைந்துகொண்டிருந்தாள்.

“ரெண்டு பக்கமும் நானேதான் மிஸ்” என்றாள் ஸ்டெல்லா முதன்முறையாக வாய் திறந்து. “கயலா இருந்து சங்கீதாக்கு அனுப்பணும். அப்பறம் வெளிய வந்து சங்கீதாவா உள்ள போயி கயலுக்கு அனுப்பணும். நெட்டு வேற சுத்திக்கினே இருக்கும். அம்மா எந்திரிக்கறதுக்குள்ள முடியாது. மிச்சத்த சாயந்தரம் பாப்பேன்.”

“என்ன படம் அனுப்புவ?”

“சுவரு.”

“சுவரா?”

“சுவரு, ஃபேனு, தரை. எதுவா இருந்தாலும் சரி மிஸ். போவணும், அவ்ளோதான்.”

பொருளே இல்லாத ஒன்றுக்காக ஒரு பெண்ணின் படிப்பு கரைகிறதே என்று எனக்குச் சினம் மூண்டது. பேச வாயெடுத்தேன். அப்போது மேசைமேல் இருந்த என் கைப்பேசி ஒலித்தது. எங்கள் ஆசிரியர் குழுவில் தலைமையாசிரியையின் அறிவிப்பு. நான் உடனே எடுத்து, கைகூப்பும் குறியை இட்டுவிட்டு வைத்தேன். உடனே இடாதவர் பெயரை அவர் மாலைக் கூட்டத்தில் வாசிப்பது வழக்கம்.

“இன்னா மிஸ் போட்டிருக்காங்க?” என்றாள் கயல்விழி.

“இன்னும் படிக்கல.”

“ஆனா கும்பிடு போட்டுட்டீங்க.”

“ஆமாம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். “அதான் மிஸ் ஸ்ட்ரீக்கு” என்றாள் கயல்விழி, வெகு மரியாதையாக.

ஸ்ரீமுஷ்ணத்தில் என் தங்கை மகளின் திருமணத்தில், தாலி கட்டும் நேரத்தில் தூணோரம் ஒதுங்கி நின்று இதே கும்பிடு போட்டது என் நினைவுக்கு வந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் என் சினம் தணிந்துவிட்டது.

4. ஸ்டெல்லாவின் நிபந்தனை

பெற்றோர் அனைவரையும் அழைத்துச் சொல்லிவிடலாம் என்றார் வசந்தா. அழைத்தால் வீட்டுக்கு வீடு அடி விழும். பழியெல்லாம் ஸ்டெல்லாவின்மேல் வந்து சேரும். பொதுத்தேர்வுக்கு முந்திய மாதம் அது. நான் முதலில் அவளுடைய தாயைப் பார்க்கச் சென்றேன்.

ஆரோக்கியமேரி அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்றார், தடுத்துவிட்டேன்.

“அது எப்பப் பாரு ஃபோன வெச்சிக்கினு இருக்குது டீச்சர். கேட்டா, ஸ்கூல்லேர்ந்து கொஸ்டின் பேப்பர் அனுப்புறாங்கன்னு சொல்லுது. நீங்க அனுப்புறதுதானே, நான் இன்னாத்த கண்டேன்? படிக்குதுன்னு காப்பி போட்டுக் குடுத்துக்கினு இருந்தேன்.”

நாங்கள் அனுப்பியதும் உண்மை. வினா வங்கி முழுவதையும் வகுப்புக் குழுவில்தான் இட்டுவந்தோம். தொடாதே என்று உறுதிமொழி வாங்கியவர்களும் நாங்களே; தொட்டால் மட்டுமே கிடைக்கும் இடத்தில் வினாத்தாளை வைத்தவர்களும் நாங்களே. அன்று முதல் என் பாடத்தின் வினாக்களைப் படியெடுத்துக் கையிலேயே கொடுத்தேன். 

ஆனால் ஸ்டெல்லா நிறுத்த மறுத்தாள். நர்சிங் இடம் போய்விடும் என்றேன். தலையாட்டினாள். அம்மாவை நினைத்துப் பார் என்றேன். கண் கலங்கினாள். ஆயினும் அசையவில்லை.

“நம்பிக் குடுத்திருக்காங்க மிஸ். நானா வுட்டா அது துரோகம். குடுத்தவங்களே வந்து வேணாம்னு சொல்லட்டும். அப்ப வுடுறேன்.”

இந்த நிபந்தனையைக் கயல்விழியிடம் சொன்னேன். அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை. மறுநாள் உணவு இடைவேளையில், வகுப்பறையின் கடைசி பெஞ்சில் ஸ்டெல்லா உட்கார்ந்திருக்க, ஒவ்வொருத்தியாக வந்து, ‘என்னுது வேணாம்டி, வுட்டுடு’ என்று சொல்லிச் சென்றனர். சங்கீதா சொல்லிவிட்டு அழுதாள். ஒருத்தி, “பப்ளிக் முடிஞ்சதும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கலாம்டி, நாம இன்னா ஓடியா போறோம்?” என்று அவளைத் தேற்றினாள்.

கடைசியில் கயல்விழி வந்தாள். எல்லாரையும் திரட்டியவள் அவள்தான். அவளால் சொல்ல முடியவில்லை.

5. தெற்கு வீதி

கயல்விழியால் விட முடியாத அந்த எண் நஸ்ரினுடன் சேர்ந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து கயல்விழியின் பக்கத்தில் உட்கார்ந்தவள் நஸ்ரின். பதினோராம் வகுப்பில், அவளுடைய தந்தை வளையல் கடையைச் சிதம்பரத்துக்கு மாற்றியதால், பள்ளி மாறிப் போய்விட்டாள். முதலில் நாள்தோறும் பேசிக்கொண்டார்கள். பிறகு பேச்சு குறைந்தது. புதிய பள்ளி, புதிய தோழியர். ஒரு கட்டத்தில் படம் மட்டும் மிஞ்சியது.

“ஃபோன் பண்ணா இன்னா பேசறதுன்னு தெரியல மிஸ்” என்றாள் கயல்விழி. “அந்த நெருப்பு இருக்கறவரைக்கும் அவ என் ஃபிரெண்டுன்னு தெரியுது. அது போச்சுன்னா?”

ஸ்டெல்லா உடனே, “இது ஒண்ணுதானே, நான் பாத்துக்கறேன்” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கயல்விழியின் முகம் மாறிற்று. “வேணாம். நீ படி. என்னுதையும் வுட்டுடு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

வளையல் கடை தெற்கு வீதியில் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு நான் நாள்தோறும் நடந்து செல்லும் வழி அது. மறுநாள் காலை கடைக்குமேல் இருந்த வீட்டின் கதவைத் தட்டி, நஸ்ரினிடம் செய்தியைச் சொன்னேன். கடலூருக்குக் கொடுத்தனுப்ப ஏதேனும் உண்டா என்றும் கேட்டேன். அவள் திகைத்தாள். உள்ளே ஓடிப் போய், ஒரு ஹேர்பின்னைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்ல வேணாம் மிஸ். குடுத்தா போதும்.”

அன்று மாலை கயல்விழி ஒரு கூழாங்கல்லைக் கொடுத்தனுப்பினாள். அதற்கடுத்த நாள் தெற்கு வீதியிலிருந்து கடலை மிட்டாய் வந்தது. கடலூரிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டு சென்றது. அது என் வகுப்பில் காணாமற்போன பச்சை நிறச் சாக்பீஸ் என்பதைக் கண்டும் காணாதவளாக எடுத்துச் சென்றேன். பொதுத்தேர்வு தொடங்கும்வரை என் உணவுப் பையில், சாம்பார் டப்பாவுக்குப் பக்கத்தில், இப்படி ஏதாவது ஒன்று பயணம் செய்தது.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. நஸ்ரின் தானே பேருந்து நிலையத்துக்குச் சென்று, நடத்துநரிடம் இரண்டு வளையல்களைக் கொடுத்து, ஓ.டி.யில் ஏறும் பாப்பாவிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், ஒரு ஆள் ஏறாம வளையல் மட்டும் ஏறுது. லக்கேஜ் டிக்கெட் போடறதா, லேடீஸ் டிக்கெட் போடறதா?”

என் பக்கத்து இருக்கையில் ஸ்டெல்லா சிரித்தாள். அவள் மடியில் புத்தகம் விரிந்திருந்தது. அவள் உறங்காமல் வந்த முதல் வாரம் அது.

இழந்த நாள்கள் முழுவதுமாகத் திரும்பிவிடவில்லை. மூன்றாம் ரிவிஷனில் மீண்டாள். ஆயினும் பொதுத்தேர்வில் அரையாண்டின் உயரத்தை எட்டவில்லை. அவள் விரும்பிய பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. சிதம்பரத்தில் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். சேர்க்கை நாளன்று ஆரோக்கியமேரி மகளின் வெள்ளைக் காலணியைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டிருந்தார். கயல்விழியும் நஸ்ரினும் இப்போது ஒரே கல்லூரியில் வணிகவியல் படிக்கிறார்கள். முன்போலவே ஓயாமல் பேசுகிறார்கள் என்று கேள்வி.

இளம் ஆசிரியர்களே, கைப்பேசி படிப்பைத் தின்னும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாதியில் நின்ற அந்த அம்புக்குறியை நான் கண்ணால் கண்டவள். ஆனால் கருவியை வாங்கிப் பூட்டியதும் நம் பணி முடிந்ததென்று நினைக்காதீர்கள். அதற்குள் பிள்ளை எதைக் காத்து வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். அதை வைக்க வேறோர் இடம் கிடைத்தால், கருவியை அவளே கீழே வைப்பாள். இடம் கிடைக்காவிட்டால், நமக்குத் தெரியாத ஒரு தோளில் அதை ஏற்றிவிடுவாள்.

ஸ்டெல்லா விடுதியிலிருந்து நாள்தோறும் எனக்கொரு படம் அனுப்புகிறாள். ஒருநாள் மின்விசிறி, ஒருநாள் வாளி, ஒருநாள் வெறும் சுவர். வகுப்புக்குப் போகுமுன் ஒன்றே ஒன்று. நானும் பதிலுக்கு அனுப்பிவிடுவேன். நேற்று ஊரிலிருந்து வந்திருந்த தங்கை மகள், சமையலறைச் சுவரை நான் படம் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, “சுவத்துல இன்னா பெரிம்மா இருக்குது?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன். “போவணும், அவ்ளோதான்.”