ஆர்வில் எழுதிக் கொடுத்த நானூறு டாலர்

1974ஆம் வருஷம் ஆர்வில் காட்ரெல், லோவல் பிங்கமுக்கு எண்ணூறு டாலர் கடன்பட்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் ஆளைக் குறைத்த வருஷம் அது. ஒரு பழைய லேத் விலைக்கு வந்தது. அதை வாங்கினால் சொந்தப் பட்டறை, விட்டால் ஒஹாயோவுக்குப் பிழைக்கப் போக வேண்டும். எந்த வங்கியும் அவரை உள்ளே விடவில்லை. லோவல்தான் பாத்திரக் கடை கல்லாவைத் திறந்து, ஒரு காகிதம்கூட எழுதி வாங்காமல் எண்ணிக் கொடுத்தான்.

பதினாலே மாதத்தில் ஆர்வில் அதை அடைத்தார். கடைசி இருபது டாலரை முழங்கால் பனியில் நடந்துபோய்க் கொடுத்தார். கணக்கு தீர்ந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு லோவல் எது சொன்னாலும் ஆர்விலின் காதில் அந்தக் கல்லாவின் மணிதான் கேட்டது.

ஆர்வில் நான்காம் வகுப்போடு நின்றவர். அதை அவர் மறைத்ததே இல்லை. கென்டக்கி மலைப்பக்கத்துத் துப்பாக்கிச் சந்தைகளில் தலையணை கனத்தில் விலைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் இருபது பேர் உண்டு. அத்தனை பேரும் புத்தகத்தை மூடிவிட்டு ஆர்வில் வாயைப் பார்ப்பார்கள். பழைய ராணுவத் துப்பாக்கியை மடியில் கிடத்தி, குழாயின் அடியில் பொறித்த நம்பரைக் கட்டைவிரலால் துடைப்பார். பிறகு மரக் கைப்பிடிக் கட்டையில் பொறித்த நம்பர், பிறகு போல்ட்டில் உள்ள நம்பர். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ள முன்னும் பின்னும் இழுக்கிற இரும்புத் தண்டு. மூன்று நம்பரும் ஒன்றாக இருந்தால் ஒரு விலை, போல்ட் மட்டும் வேறாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பழசின் மதிப்பு கெடும்படி கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்தவனை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஒருமுறை பார்த்த நம்பரை மறந்ததும் கிடையாது. முப்பது வருஷத்தில் ஒரு விலையைக்கூட அவர் திருப்பி வாங்கியதில்லை. இது எங்கள் மாவட்டத்தில் எவனைக் கேட்டாலும் சொல்வான்.

அந்தச் சந்தையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விலை சொல்கிறவன் அந்தப் பொருளை வாங்கக் கூடாது, பங்கும் கேட்கக் கூடாது. ஒரு காப்பி குடிக்கலாம், அவ்வளவுதான். விலையை ஒரே தடவைதான் சொல்வான்.

2003 மார்ச்சில் லோவல் ஒரு மெத்தை விரிப்பில் சுற்றிய துப்பாக்கியோடு பட்டறைக்கு வந்தான்.

"ஜெனீவா ஹஃப் வீட்டுது. புருஷன் போனதுலேர்ந்து அந்தம்மா கையில காசில்ல, கிணத்து மோட்டார் வேற புகைஞ்சு போச்சு. நானே வாங்கிக்கிட்டு ஒரு கை குடுக்கலாம்னு பாக்கறேன். நீ விலை சொல்லு."

ஜெர்மன் துப்பாக்கி, 1916இல் செய்தது. ஜெனீவாவின் மாமனார் பிரான்ஸ் சண்டையிலிருந்து கொண்டுவந்தது. குழாயில் 4417, கட்டையில் 4417, மரத்தில் ஒரு கீறல் இல்லை. ஆர்விலுக்கு வாய் ஊறியது. போல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். 9260.

"அட, கெட்டுது போ!"

"என்னய்யா?"

"போல்ட் வேற துப்பாக்கியோடது. ஜெர்மன்காரன் சரணடைஞ்சப்போ எல்லாத்தையும் கழட்டிக் குவிச்சு வெச்சிருப்பானுங்க, நம்ம பசங்க கைக்கு வந்ததை எடுத்துச் சொருகிக்கிட்டு வந்துட்டானுங்க. சரியா இருந்தா ஆயிரத்து முந்நூறு. இப்போ நானூறு."

"அந்தம்மா என்னை நம்பணுமேப்பா. உன் கையால எழுதிக் குடேன். உன் கையெழுத்துன்னா இங்க கவர்னர் முத்திரை மாதிரி."

ஆர்விலுக்கு அது பிடித்திருந்தது. போல்ட் நம்பரையும் விலையையும் எழுதிக் கொடுத்தார், பெயரை ஒரு விரல் உயரத்துக்குப் போட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். பொருளுக்கு உரியவர் எங்கே? போல்ட்டை வீட்டில் எங்கே வைத்திருந்தார்கள்? ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் உள்ள வீட்டில் போல்ட்டைக் கழற்றித் தனியாகத்தான் வைப்பார்கள். துப்பாக்கி அலமாரிக்கு மேலே, போல்ட் மாவு டப்பாவிலோ தையல் பெட்டியிலோ இருக்கும். லோவலிடம் அதைக் கேட்பது, கல்லாவைத் திறந்தவனிடம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது மாதிரி இருந்திருக்கும்.

லோவல் அந்தச் சீட்டைக் காட்டி நானூறுக்குத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு தேவாலயத்தில் ஜெனீவா அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் போன துக்கம் என்று ஆர்வில் நினைத்துக்கொண்டார்.

அக்டோபர் சந்தையில், லெக்சிங்டனிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் அவர் சட்டைக் கையைப் பிடித்தார். "நீங்கதானே ஆர்வில்? அந்த மேசையில ஒண்ணு பார்த்திருக்கேன். ஆயிரத்து ஐந்நூறு சொல்றாங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

மேசைக்குப் பின்னால் லோவல் உட்கார்ந்திருந்தான். ஒரு நொடி முகம் வெளுத்தது. பிறகு சிரித்தான், கண்ணைக்கூடச் சிமிட்டினான்.

ஆர்வில் துப்பாக்கியை மடியில் கிடத்தினார். குழாயில் 4417. கட்டையில் 4417. போல்ட்டைத் திருப்பினார்.

4417.

இன்னொரு தடவை கட்டைவிரலால் துடைத்தார். தொலைந்த போல்ட் உலகத்தைச் சுற்றி வந்து அதே துப்பாக்கியில் ஏறாது. அது எப்போதும் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது. 9260 என்பது லோவலின் பழைய சாமான் டப்பாவிலிருந்து வந்தது.

"விலையை மட்டும் சொல்லு ஆர்வில்," என்றான் லோவல் மெல்ல. "நீ பொய் சொல்ல மாட்டியே."

அதுதான் அவரைச் சுட்டது. திருடினவன் அவருடைய நேர்மையையே கோணிப்பையாக விரித்துப் பிடிக்கிறான்.

"டாக்டர், இது அசல். ஆயிரத்து முந்நூறு நியாயமான விலை," என்றார் ஆர்வில். பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இதே துப்பாக்கிக்கு மார்ச் மாசம் நான் நானூறுன்னு எழுதிக் குடுத்தேன். அன்னிக்கு இதோட போல்ட் இவன் வீட்டு டிராயர்ல இருந்துச்சு!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உளறாதய்யா! வயசாச்சு உனக்கு. நம்பரைத் தப்பாப் படிச்சிருப்ப."

"நானா? நம்பரையா?" ஆர்வில் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. "9260. உன் சாமான் டப்பாவுல போய்ப் பாரு, இருக்கும்."

லோவல் எழுந்து காதருகே வந்தான். "எண்ணூறு டாலர் மறந்து போச்சா? உன்னை ஒருத்தனும் மனுஷனா மதிக்காதப்ப குடுத்தேன்டா."

"மறக்கல. அதான் உன்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கல. அதுக்கு வட்டி என் பேருன்னு நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஒஹாயோவுக்கே போயிருப்பேனேடா."

டாக்டர் துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தார். "திருட்டுப் பொருள் எனக்கு வேண்டாம்."

"திருட்டுன்னு சொல்ல முடியாதுய்யா. அந்தம்மா வித்துட்டாங்க, என் சீட்டைப் பார்த்து. அங்கதான் வயிறு எரியுது. நானூறு இவன் போட்ட காசு, அதை இவனுக்குக் குடுங்க. மிச்சம் தொள்ளாயிரம் அந்தம்மாவுக்கு."

"யாருடா நீ என் பொருளுக்குப் பங்கு பிரிக்க?" என்றான் லோவல்.

"அப்போ எடுத்துக்கிட்டுப் போ. ஆனா டென்னஸி வரைக்கும் நான் போகாத சந்தை கிடையாது. ஒவ்வொண்ணுலயும் 4417 கதையைச் சொல்லுவேன்."

சந்தையை நடத்துகிற மேவிஸ் கிழவி, காப்பிக் கோப்பையோடு வந்து நின்றாள். "லோவல், அடுத்த மாசம் உனக்கு மேசை கிடையாது. இந்த மாசத்து மேசையையும் மடிச்சிடு."

லோவல் சுற்றிலும் பார்த்தான். முப்பது வருஷமாகத் தெரிந்த முகம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளைத் துடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் நீட்டிய நானூறை வாங்கிப் பைக்குள் திணித்தான். ஆர்விலை ஒரு தடவை பார்ப்பான் என்று ஆர்வில் காத்திருந்தார். அவன் பார்க்காமலேயே போனான்.

டாக்டரின் காரில் இரண்டு பேரும் மலையேறினார்கள். ஜெனீவா வீட்டு வாசலில் பால் கேன்கள் வரிசையாக இருந்தன, எல்லாவற்றிலும் தண்ணீர். ஏழு மாதமாகப் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து சுமக்கிறாள். நானூறு டாலருக்கு மோட்டார் வரும், கிணற்றுக்குள் இறக்குகிற குழாய் வராது.

வலைக்கதவைத் திறக்காமலே கேட்டாள். "என்ன வேணும்?"

ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். "ஜெனீவாம்மா, அந்தத் துப்பாக்கியோட போல்ட்டை எங்க வெச்சிருந்தீங்க?"

"தையல் பெட்டியில, என் காலுறையில சுத்தி. லோவல் கையிலதான் குடுத்தேன். எங்க மாமனார் நம்பர் எல்லாம் ஒண்ணுன்னு சொல்லிச் சொல்லிச் செத்தார். நீ எழுதின சீட்டுல வேற நம்பர் இருந்துச்சு. எதிர்த்துப் பேச எனக்கு என்ன தெரியும், ஊரே உன் பேச்சைத்தானே கேக்குது?"

"நான் கேட்டிருக்கணும். கேக்கல."

"இதுல உன் பங்கு எவ்வளவு ஆர்வில்?"

முப்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "ஒரு காப்பிகூட இல்லம்மா," என்றார்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கதவைத் திறந்தாள். ஆர்வில் பணத்தைத் தொடவில்லை. நகர்ந்து நின்று டாக்டருக்கு வழிவிட்டார். கேன் சுமந்து தழும்பேறிய கையை ஜெனீவா நீட்டினாள். டாக்டர் ஒவ்வொரு நூறாக வைக்க, அவள் வாய்விட்டு எண்ணினாள், ஆர்வில் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்: "ஆறு... ஏழு... எட்டு... ஒம்பது."