ஈயப் பட்டியில் கட்டிய கெமரா

நீருக்கடியில் படம் எடுக்கும்போது கெமராவை எங்கே கட்டுவது என்று கேட்டு மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கே கட்டக் கூடாது என்பதில் நான் நிபுணன். அதனால் 2003 ஆவணியில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். யுத்தநிறுத்தம் இருந்த நேரம் அது. காற்றுச் சிலிண்டரோடு சோதனைச் சாவடியைத் தாண்டலாம் என்று எங்களைப் போன்ற பைத்தியங்கள் நம்பிய நேரம்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் என் மனைவியின் தங்கை சாந்திக்குக் கல்யாண எழுத்து, அதாவது பதிவு, நடந்தது. "ஃபோட்டோக்காரன் எதுக்கு? நான் இருக்கேன்ல?" என்று மார்தட்டியவன் நான்தான். முப்பத்தாறு படம் பிடிக்கும் ரோலில் இருபத்துநாலு எடுத்தேன், பன்னிரண்டு மிச்சம். பன்னிரண்டு படத்தை வீணாக்கிவிட்டு ரோலைக் கழுவக் கொடுக்கும் ஊதாரித்தனம் எங்கள் வீட்டில் கிடையாது. பிறந்தநாளோ பூனைக்குட்டியோ, எதையாவது எடுத்து முடித்த பிறகுதான் ரோல் ஸ்டூடியோவுக்குப் போகும். சாந்தியின் எழுத்துக்கு அந்த இருபத்துநாலைத் தவிர வேறு படமே இல்லை. அப்படிப்பட்ட ரோலைத்தான் நான் தண்ணீருக்குள் கொண்டுபோனேன்.

கூட்டிப்போனவன் என் கூட்டாளி ரிஸ்வான். மாத்தளை டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். அதற்கு முன் ஆறு வருஷம் மாலைதீவில் வெள்ளைக்காரர்களுக்குக் கடலுக்கடியில் சுழியோடக் கற்றுக்கொடுத்தவன். அவனோடு ஹிக்கடுவைக் கடலில் ஐந்து தடவை இறங்கியிருக்கிறேன். ஆறாவது தடவைக்கு அவன் போவத்தென்ன நீர்த்தேக்கத்தைத் தேர்ந்தெடுத்தான். அனுமதிக் கடிதம் வாங்க மூன்று வாரம் பிடித்தது.

காலை 5.30க்கு அவனுடைய வேனில் கிளம்பினோம். நாலந்தா வரை பனிமூட்டம். மரங்கள் ரோட்டுக்கு வந்து முகம் காட்டிவிட்டுத் திரும்பிப் போவது போலிருந்தது. நாவுலவுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், அங்கிருந்து கரைக்கு இன்னும் எட்டு. டீசலுக்கு 600 ரூபா, தோணிக்கு 500. சோதனைச் சாவடியில் ஒரு ராணுவத் தம்பி சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, சிங்களத்தில் கேட்டான்.

"மீன் பிடிக்கவா?"

"இல்ல, ஃபோட்டோ பிடிக்க," என்றான் ரிஸ்வான்.

"தண்ணிக்குள்ள யார் சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க, ஃபோட்டோ பிடிக்க?"

கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, என் வயிற்றையும் ஒரு தரம் பார்த்துவிட்டு எங்களைப் போகவிட்டான். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு நாட்டுக்கு எந்த ஆபத்தும் விளைவிக்க முடியாது என்று தீர்மானித்திருப்பான்.

கரையில் தோணிக்காரர் பியதாச காத்திருந்தார். கெமராவை நீர்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கி மூடினேன். "பையோட கயித்த ஜாக்கெட் வளையத்துல மாட்டு மச்சான்," என்று சொல்லிவிட்டு ரிஸ்வான் சிலிண்டர் வால்வைப் பார்க்கத் திரும்பினான். எனக்கு அந்த வளையத்தில் நம்பிக்கை வரவில்லை. சிலிண்டரைத் தாங்கும் அந்த ஜாக்கெட் இரவல். ஆனால் பெல்ட்? இருபத்தைந்து வருஷ அரசாங்க உத்தியோகத்தில் என் மானத்தைக் காப்பாற்றிய ஒரே பொருள் அதுதான். தண்ணீருக்குள் அமிழ்வதற்காக இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பட்டி ஒன்று கட்டியிருந்தது. அதிலேயே கெமராவை முடிச்சுப் போட்டேன்.

ஒன்பது மணிக்கு இறங்கினோம்.

கீழே போகப் போகத் தண்ணீர் வெளிர்பச்சையாகி, பிறகு பழைய போத்தல் பச்சையானது. முன்னொரு காலத்தில் முழுகிப்போன மரங்கள் இலையில்லாமல், அவசரமில்லாமல் நின்றன. மேலிருந்து வந்த வெளிச்சம் கிளைகளுக்கு நடுவே சாய்ந்து இறங்கியது. ஒரு கிளையில் குருவிக் கூட்டம் போல, ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியாக்கள். பக்கத்தில் போனதும் ஒன்றாகத் திரும்பி, மறுபடி வந்து அதே கிளையிலேயே நின்றன. என் மூச்சுச் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. ஆபீஸ், கடன், மாமியார் எல்லாம் மேலே எங்கோ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நான் தூங்குகிறேனா நீந்துகிறேனா என்றே தெரியவில்லை. ஏழு படம் எடுத்தேன்.

ஆழத்தில் சுழியோடிகளின் ரப்பர் உடுப்பு நசுங்கி மெலியும். அப்போது பட்டி தளரும். இதை ரிஸ்வான் ஹிக்கடுவையிலேயே சொல்லியிருந்தான். என் இடுப்பு மெலியும் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. எட்டாவது படத்துக்குக் குனிந்தபோது பட்டி வழுக்கிக் கால் வழியே கழன்றது. ஆறு கிலோ ஈயமும் சாந்தியின் கல்யாணமும் சேற்றை நோக்கிப் போயின. பாரம் போன நான் தக்கை மாதிரி மேலே பறந்தேன். வழியெல்லாம் அலறினேன். அந்த அலறல்தான் என்னைக் காப்பாற்றியது. மூச்சை அடக்கியிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும் என்று ரிஸ்வான் பிறகு சொன்னான்.

பின்னாலேயே அவன் வந்து தலையை நீட்டினான். "உசிரு இருக்குல்ல? கெமரா போனாப் போவுது, விடு."

"உசிரு இருக்கிறதுதான் பிரச்சினை. வீட்டுக்குப் போகணுமே. ரோல்ல சாந்தியோட எழுத்து இருக்கு."

"யா அல்லாஹ்! அதையா கொண்டாந்த? அதுல நானும் இருக்கேனேடா!"

"இருக்க. வடை தின்னுக்கிட்டு."

தோணிக் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைத் திட்டியபடியே திரும்ப இறங்கினான். தனியாக இறங்குவது பிழை. அவன் எனக்காகச் செய்த பிழை. கயிற்றின் மறுமுனையைப் பியதாச விரல்களுக்கு நடுவே பிடித்திருந்தார். நான் குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மலை நிழல் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. மீன்கொத்தி ஒன்று அதைக் குத்திவிட்டுப் போனது.

"ஃபோட்டோவில யாரு?" பியதாச சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். குமிழிகளிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னேன்.

"பெண்சாதியோட தங்கச்சி. கல்யாணம்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். "அப்ப இங்கயே இருந்துடுங்க மாத்தயா. எங்கிட்ட இன்னொரு தோணி சும்மா கெடக்கு."

பதினெட்டு நிமிஷம் கழித்துக் கயிறு இரண்டு தரம் இழுபட்டது. சேறு கலங்கி ஒன்றுமே தெரியவில்லையாம். மரத்தைச் சுற்றிக் கையால் தடவி வந்தபோது, பட்டி புதைந்த இடத்துக்கு ஒரு முழம் மேலே பை மட்டும், கட்டிப்போட்ட பலூன் போல மெல்ல ஆடிக்கொண்டிருந்ததாம். மேலே வந்த ரிஸ்வானைக் கட்டிப்பிடித்தேன். பைக்குள் இரண்டு கரண்டித் தண்ணீர் நின்றது.

கெமராவை வெயிலில் காயவைக்கப் போன என் கையை ரிஸ்வான் தட்டிவிட்டான். "காஞ்சா ஃபிலிம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்டா!" அவன் மனைவி கொடுத்துவிட்ட இடியாப்பத்தை மூவரும் அவசரமாக விழுங்கினோம். இடியாப்பப் பெட்டியைக் கழுவி, நீர்த்தேக்கத் தண்ணீரை நிரப்பி, கெமராவுக்குள்ளேயே சுருட்டி எடுத்த ரோலை அதில் போட்டு மூடினான். காலையெல்லாம் தண்ணீர் படாமல் காத்ததை, மாத்தளை ஸ்டூடியோ வரை தண்ணீர் சிந்தாமல் மடியில் வைத்துக் காத்தேன். ஒவ்வொரு வளைவிலும் சாந்தி தளும்பினாள்.

போகிறவர்களுக்கு: கெமராவின் கயிற்றை ஜாக்கெட் வளையத்தில், ஒரு கையால் கழற்றக்கூடிய கொளுக்கியால் மாட்டுங்கள். கழுத்தில் வேண்டாம், எதிலாவது சிக்கும். ஈயப் பட்டி ஆபத்தில் கழற்றி எறிவதற்கென்றே இருப்பது. பிரியமான எதையும் அதில் கட்டாதீர்கள். நல்ல தண்ணீரில் கடலை விடக் குறைவான ஈயம் போதும். இறங்குமுன் புது ரோல் போடுங்கள். இதெல்லாம் பாதை திறந்திருக்கும் காலத்துக்கு. யுத்தம் மறுபடி தொடங்கிவிட்டதால், இதை எழுதும் இன்று சிலிண்டரோடு நாவுல வரைகூடப் போக முடியாது. அந்த மரங்களும் மீன்களும் இப்போதும் அங்கேதான் நிற்கின்றன என்று சில மத்தியானங்களில் நினைத்துக்கொள்கிறேன்.

இருபத்துநாலில் இருபத்தொன்று தேறியது. எல்லாவற்றிலும் லேசான பச்சை. சாந்தி கையெழுத்துப் போடும் படத்தில், மேசைக்குக் குறுக்கே ஒரு வெளிறிய அலை ஓடி அவள் கன்னத்தைத் தொட்டு நிற்கிறது. உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு நான் கதவோரமாக நின்றேன். மனைவி அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"மழைக்குள்ள எழுத்து நடந்த மாதிரி இருக்கு," என்றாள். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தாள். "நம்ம கல்யாண ரோலு இங்கதான் எங்கயோ கெடக்கு. அதையும் கொண்டுபோய் முக்கிட்டு வாங்க."