கடைசி மடுவின் ஆறு வாளைகள்

சோழவந்தான் பக்கத்துக் கண்மாய்களைப் பார்க்கப் போகிறோம், எப்போது போகலாம், எதைப் பார்க்கலாம் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் என்றாலே எனக்கு 1983 ஜூன் மாதத்தில் போய்வந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வரும். சுற்றிப் பார்க்கப் போன பயணம் அல்ல அது. ஒரு மீனின் உடம்பு எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனோம்.

அந்த மீன் வாளை. கடைத்தெருவில் கிடைக்கிற கடல் வாளை இல்லை; கண்மாயிலும் ஆற்று மடுவிலும் வாழ்கிற நன்னீர் வாளை. செதில் கிடையாது. வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும். நீண்ட மீசை. மற்ற மீன்களைத் தின்று ஆள் கை நீளத்துக்கு மேல் வளரும். அப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர், செய்முறை வகுப்புகளுக்கான ஆசிரியை. எங்கள் துறையின் மூத்த ஆசிரியர் ஞானராஜ் சார் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போவார், வாங்க அல்ல, பார்க்க. இரண்டு வருஷமாக நன்னீர் வாளை வரத்தே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழை பொய்த்த காலம் அது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன.

ஒருநாள் மார்க்கெட்டில் முத்தையா என்பவர் சாரிடம், தன் ஊர்க் கண்மாயின் மடைப்பக்கம் ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் கிடக்கிறது, அதில் வாளை இருக்கிறது என்று சொன்னார். கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். வரும் சனிக்கிழமை ஊரே இறங்கி மீன் பிடிக்கப் போகிறது. அதற்குள் வந்தால் வாளையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டரில், கோடையிலும் வற்றாத ஒரு பெரிய கண்மாய் இருந்தது. அதில் கொண்டுபோய் விடுவது என்று சார் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை புறப்பட்டோம்.

சார் பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிட்டார். நான் விளாங்குடியில் காலை ஐந்தேமுக்காலுக்கு ஏறினேன். சமயநல்லூர் வழியாகச் சோழவந்தான். டிக்கெட் ஒன்றரை ரூபாய் என்று ஞாபகம். தராசு, அளவுகோல், பூதக்கண்ணாடி, கத்தி எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஆப்பரேசனுக்கா போறீக?" என்றார். சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கத்திக்கு வேலை இருக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சோழவந்தானில் இட்லி சாப்பிட்டோம். அங்கிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றும் வேன் ஒன்றை முத்தையா பேசி வைத்திருந்தார். ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்கால்கள் மட்டும் பச்சையாக இருந்தன. அவற்றைத் தாண்டியதும் கண்ணுக்கு எட்டிய வரை பொட்டல். அதற்குள்தான் முத்தையாவின் ஊர்; கூட்டம் போய் இறங்கிவிடக் கூடாதென்று அதன் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

மடுவில் தண்ணீர் இடுப்பளவு, டீயின் நிறம். முத்தையாவும் அவர் தம்பியும் இரண்டு தரம் வலை இழுத்தார்கள். கெண்டையும் கெளுத்தியும் நிறைய வந்தன. வாளை ஆறு. ஈரச் சாக்கு விரித்து ஒவ்வொன்றாக அளந்தோம். நீளத்துக்கு ஏற்ற எடை இல்லை, முதுகு ஒட்டியிருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் நிறம் நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டு மீனுக்கு வால் பக்கம் சிவந்த புண்.

அந்த நேரத்தில் பெரிய கண்மாய் ஊரிலிருந்து செல்லத்தாயி என்ற பெண் வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். அந்தக் கண்மாயில் வலை போட்டுத்தான் அவர் குடும்பம் நடந்தது. வாளையை அங்கே விடப்போகும் சேதி தெரிந்து, அதிகாலையிலேயே கிளம்பி நடந்தே வந்திருந்தார். புண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இதையா எங்க கண்மாய்ல விடப் போறீக?"

"தண்ணி கம்மியானதுல கல்லுல உரசியிருக்கும்மா" என்றார் சார்.

"இருக்கும்ண்டா எப்படி? நோயா இருந்தா எங்க மீனு அம்புட்டும் போயிருமே. அப்புறம் உங்கள எங்க வந்து தேட?"

சார் மறுபடி குனிந்து புண்ணைப் பார்த்தார். செல்லத்தாயி கேட்டது நியாயம். புண் தோலோடு நின்றிருக்கிறதா, உள்ளே போயிருக்கிறதா என்பது வெளியே தெரியாது. புண் இருந்ததில் சிறியதை எடுத்துத் தலைக்குப் பின்னால் ஒரே குத்தில் கொன்று திறந்தேன். தோலுக்குக் கீழே சதை சுத்தமாக இருந்தது. ஈரல், குடல் எதிலும் புழு இல்லை, கட்டி இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களாக்கா? வெறும் உரசல்தான்" என்றேன்.

செல்லத்தாயி குனிந்து பார்த்தார். பிறகு புண் இல்லாத நான்கையும் காட்டினார். "இது புண்ணு உள்ளது. வெளிய நல்லா இருக்கே, அதுக உள்ள எப்படி இருக்குண்டு யாருக்குத் தெரியும்?"

நான் சாரைப் பார்த்தேன். "வேண்டாம் சார். இருக்கிறதே அஞ்சு."

"ஸ்டெல்லா, ஈரல்ல புழு இருந்தாலும் மேலே ஒண்ணும் தெரியாது. உனக்கே தெரியும்."

"தெரியும் சார். அதுக்காக நல்லா இருக்கிறதைக் கொல்லணுமா?"

"பார்க்காம விட்டு அந்தக் கண்மாய் கெட்டுப்போச்சுன்னா அப்புறம் வாளையைக் காப்பாத்த யாரும் இடம் கொடுக்க மாட்டாங்க. வேற வழி இருந்தா சொல்லு, நான் கேக்குறேன்."

வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முத்தையா கரையில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "சட்டுபுட்டுண்டு முடிங்க டீச்சர், வெயில் ஏறுது" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

நான்கில் சிறியதை எடுத்தேன். என் கையில் அது பலமாகத் துள்ளியது. புண்பட்டது அப்படித் துள்ளவில்லை. திறந்தேன். ஈரல் நல்ல பழுப்பு நிறத்தில், பழுதில்லாமல் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் நீளமாக, வயிறு நிறைய முட்டை.

ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால் முட்டையிடுவதற்காக அது தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது. உடம்பு மெலிந்தும் முட்டைக்குத் தீனி கொடுத்திருக்கிறது. முட்டை இன்னும் முற்றவில்லை. எடுத்துப் பொரிக்கவைக்கவும் முடியாது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல மீனு" என்றார் செல்லத்தாயி. "மத்தத ஏத்துங்க. நானும் கூட வாரேன்."

வெட்டிய மீன்களைப் புதைக்கக் குழி தோண்டப்போன முத்தையாவை அவர்தான் தடுத்தார். "கொன்னதுக்கப்புறம் மண்ணுல வேற போடணுமா? குடுங்க." எதற்கும் இருக்கட்டும் என்று புண் இருந்ததைச் சார் தரவில்லை, மற்றதை ஒரு வாழை இலையில் சுற்றிக்கொடுத்தார். அன்று செல்லத்தாயி மேல் எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் அடுப்பெரிக்க வேண்டியவர் வேறென்ன செய்வார் என்று யோசிக்க எனக்கு நாளாயிற்று.

மீதி நான்கையும் இரண்டு அண்டாக்களில் வைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு வேனில் ஏற்றினோம். ஒன்பது கிலோமீட்டர் மண்பாதை. பாதி வழியில், புண் இருந்த மற்றொரு மீன் மல்லாந்துவிட்டது. செல்லத்தாயி அண்டாவுக்குள் கைவிட்டு அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது அது செத்திருந்தது.

மூன்றை விட்டோம். பெரிய கண்மாயில் தண்ணீர் சில்லென்று இருந்தது. முதல் இரண்டும் விட்டவுடன் மறைந்தன. மூன்றாவது கரையோரம் செவுளை அசைத்தபடி வெகுநேரம் கிடந்தது. சார் முழங்கால் தண்ணீரில், செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் பக்கத்திலேயே நின்றார். அதுவும் ஒருவழியாக ஆழத்துக்குப் போயிற்று.

அந்த வருஷக் கடைசியில் மழை கொட்டித் தீர்த்தது. தை முடிந்து மறுபடி போனோம். செல்லத்தாயியின் வலையில் விரல் நீள வாளைக் குஞ்சுகள் விழுந்திருந்தன. செவுள் ரத்தச் சிவப்பு; முதுகில் சதை பிடித்திருந்தது. நாங்கள் விட்ட மூன்றின் குஞ்சுகளா, வெள்ளத்தோடு வாய்க்காலில் வந்தவையா என்று நிரூபிக்க எங்களிடம் வழியில்லை. சார் குஞ்சு ஒன்றை உள்ளங்கைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாளையே புடிக்க மாட்டோம்ண்டு சத்தியம் பண்ண முடியாது சார்" என்றார் செல்லத்தாயி. "முட்டை கட்டுற மாசத்துல மட்டும் எடுக்கக் கூடாதுண்டு ஊர்ல பேசியிருக்கோம். அம்புட்டுத்தான் எங்களால ஆகும்."

அது பெரிய விஷயம் என்று சார் திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். அவர் இப்போது இல்லை. ஒரு மீனைக் கொன்று மற்றதைக் காப்பாற்றலாமா என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்த நாளைச் சொல்லியிருக்கிறேன். சரி என்றோ தவறு என்றோ இதுவரை சொல்ல முடிந்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்பு போனபோது கண்மாயில் ஆகாயத்தாமரை படர்ந்திருந்தது. வாளையைப் பார்க்கவில்லை. நான் பார்க்காததாலேயே இல்லை என்று ஆகிவிடாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மதுரையிலிருந்து சோழவந்தான் சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். பஸ், ரயில் இரண்டும் உண்டு. மழை முடிந்து, தை மாசியில் போங்கள். காலையிலேயே கரைக்குப் போய்விடுங்கள். ஊர்க்காரர்களிடம் கேட்காமல் கண்மாயில் இறங்காதீர்கள். வீட்டுத் தொட்டி மீனை எக்காரணம் கொண்டும் அங்கே கொட்டாதீர்கள். யாராவது வலையில் விழுந்த வாளையைக் காட்டினால், தொடுவதற்கு முன் கையைத் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். செதில் இல்லாத மீன் அது. அதன் உடம்பைக் காப்பது மேலே இருக்கும் வழவழப்பு மட்டும்தான். உலர்ந்த கை பட்டால் அந்த வழவழப்பு நம் கையோடு வந்துவிடும்.